ஒற்றியூரும் ஓர் ஊசியும்

1

பணமும் புகழும் மனிதனுக்கு உண்மையான சந்தோஷத்தைத் தருமா என்ற கேள்விக்குத் தமிழில் பதில் எப்போதோ தயாராகிவிட்டது. தராது. பள்ளிக்கூடக் கட்டுரையில் பையன் இதை எழுதிப் பத்துக்கு ஏழு வாங்குகிறான். சொற்பொழிவாளர் இதைச் சொல்லி, சன்மானக் கவரை மடியில் செருகிக்கொண்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறுகிறார். சினிமாக் கதாநாயகன் இதைப் பாடிப் பணக்காரன் ஆகிறான். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல, ஒருவரும் அதன்படி நடக்காத சமூகத்தில் அந்தப் பதிலுக்கு வேறு ஏதோ உபயோகம் இருந்தாக வேண்டும். கேள்வியை மூடி வைப்பதுதான் அந்த உபயோகம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பதில் யார் பெயரில் நம்மிடையே புழங்குகிறதோ அந்தக் கவிஞரையும், அவர் சமாதி இருக்கும் ஊரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. கவிஞர் பட்டினத்தார். ஊர் திருவொற்றியூர். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை துறைமுகமும் ஆலைகளும் மீனவர் குப்பங்களும் அடுத்தடுத்து நெருக்கும் கடற்கரையின் நடுவில், கடலைப் பார்த்துக்கொண்டு அந்தச் சமாதிக் கோயில் இருக்கிறது. தமிழில் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

2

முதலில் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பட்டினத்தார் ஒருவர் அல்லர். பதினோராம் திருமுறையில் 'திருவொற்றியூர் ஒருபா ஒருபஃது' உள்ளிட்ட ஐந்து பிரபந்தங்களின் ஆசிரியராக இருக்கும் பட்டினத்துப் பிள்ளையார் வேறு. ஜனங்களின் வாயில் இன்றும் இருக்கும் எளிய பாடல்களைப் பாடியவர் அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர். ஆராய்ச்சியாளர்கள் இதை நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். நடையைக் காதால் கேட்கத் தெரிந்தவனுக்கு அவர்கள் சாட்சியம்கூட அவசியமில்லை. மரபு இந்த இருவரையும் ஒரே வாழ்க்கைக் கதைக்குள் போட்டுக் கட்டிவிட்டது: காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், வளர்ப்பு மகன் மருதவாணன், அவன் விட்டுச் சென்ற பெட்டி, பெட்டிக்குள் ஓர் ஓலை, காதில்லாத ஓர் ஊசி. ஓலையைப் படித்தவர் அன்றே எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டார்.

புகழ் என்பதன் லட்சணத்தை இந்தக் குழப்பமே காட்டிவிடுகிறது. புகழ் ஒரு பெயருக்கு வந்து சேர்ந்தது. பெயருக்குப் பின்னால் இருந்த ஆட்கள் அதில் கரைந்து போனார்கள். ஊரும் பேரும் வேண்டாமென்று போனவர்களுக்கு இது சம்மதமாகவே இருந்திருக்கலாம்.

ஊசியின் வாதத்துக்கு வருகிறேன். அந்த ஓலை சொல்வதெல்லாம், சாகும்போது இந்த அற்ப ஊசிகூட உன்னோடு வராது என்பதுதான். காதில்லாத ஊசி இந்த உலகத்திலேயே ஒன்றுக்கும் ஆகாது. அதுகூட வராதென்றால் மற்றவை வருமா? மறுக்க முடியாத வாதம். ஆனால் இது கூட வருவதைப் பற்றிய வாதம். சந்தோஷத்தைப் பற்றிய வாதம் அல்ல. நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று வயிற்றில் இல்லை. அதனால் நேற்றுப் பசி ஆறவில்லை என்று ஆகிவிடாது. நிலையாமையிலிருந்து சந்தோஷமின்மைக்குத் தாவுவது தர்க்கத்தில் ஓர் ஓட்டை. பட்டினத்தார் இந்தத் தாவலைச் செய்யவில்லை. அவர் கவலை மரணம். அவருடைய மரண பயத்தை நமது மகிழ்ச்சித் தத்துவமாக மொழிபெயர்த்துக்கொண்டவர்கள் நாம்.

அவர் பாடல்களில் பெரும் பகுதி கவிதையாக என்னைத் தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பின் மீதும் பெண்ணின் மீதும் அருவருப்பூட்டும் பாடல்கள் ஒரே அச்சில் வார்த்தவை. கணக்குப்பிள்ளை கிடங்கில் சரக்கைச் சரிபார்ப்பது போல, உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒவ்வொன்றுக்கும் நேராக நஷ்டம் என்று எழுதிக்கொண்டே போகிறார். வணிகர் செல்வத்தைத் துறந்துவிட்டார், பேரேட்டைத் துறக்கவில்லை. இந்தப் பாடல்களைத்தான் நாம் ஞானம் என்று மனப்பாடம் செய்கிறோம்.

3

பேரேடு கை நழுவுகிற இடம் ஒன்று இருக்கிறது. தாய் இறந்தபோது சிதை முன் நின்று அவர் பாடியதாக வழங்கும் பாடல்கள். பச்சை வாழை மட்டைகளை அடுக்கி, பாடியே தீ மூட்டினார் என்பது கதை. அந்த அற்புதம் எனக்கு முக்கியமில்லை. பாடல்களில் நடப்பதுதான் முக்கியம். வேறிடத்தில் சதை, நிணம், புழு என்று கணக்கெழுதிய அதே உடம்பு, இங்கே சுமந்த உடம்பாகவும் பால் கொடுத்த உடம்பாகவும் விலை சொல்ல முடியாததாகி நிற்கிறது. இதற்கு எப்படி நெருப்பு வைப்பது என்று துறவி கேட்கிறார். உபதேசம் நின்று போகிறது. முன்னிலையில் இருக்கும் மடமனிதனை விட்டுவிட்டு, தனக்குத்தானே பேச ஆரம்பிக்கிறார். கவிதை பிறக்கிற இடம் அது.

சைவ உரைக்காரர்களுக்கு இது சங்கடம். தாய்க்கு மட்டும் விதிவிலக்கு என்று சமாதானம் சொல்கிறார்கள். ஆதிசங்கரர் வாழ்க்கையிலும் இதே போன்ற ஒரு தகனம் சொல்லப்படுவதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனக்கு இது விதிவிலக்காகத் தோன்றவில்லை. பணம் போன பிறகும், பணத்தின் மேலிருந்த வெறுப்பு போன பிறகும், தீர்க்க முடியாமல் மிஞ்சிய ஒன்றை அவர் கண்டுபிடித்த இடம் இது. அதற்குப் பெயர் கடன். எந்த வணிகனும் வரவு வைக்க முடியாத கடன்.

ஆனால் தாய்க்கு அழுத கவிக்கு இன்னொருத்தி ஞாபகம் வரவில்லை. பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்த மனைவி. புருஷன் ஓலையைப் படித்துவிட்டு வீதியில் இறங்கிய அன்று அந்த வீட்டில் என்ன நடந்தது? துறவின் செலவு எவர் கணக்கில் எழுதப்பட்டது? அவளுக்காக ஒரு பாட்டும் இல்லை.

4

நமது சினிமா இந்தத் துறவை ஆரம்பத்திலேயே சரக்காக்கிக்கொண்டது. 1936இல் எம். எம். தண்டபாணி தேசிகர் பட்டினத்தாராக நடித்தார், 1962இல் டி. எம். சௌந்தரராஜன். அதற்கெல்லாம் முன்பே, 1935இல், கே. பி. சுந்தராம்பாள் 'நந்தனா'ராக நடித்ததற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். அந்தக் காலத்தில் கேட்டிராத தொகை. சொந்தமாக ஒரு சாண் நிலமில்லாத பண்ணையாளாக நடிப்பதற்கு ஒரு லட்சம் என்று கிண்டல் செய்வது சுலபம். நான் செய்யமாட்டேன். 1933இல் கிட்டப்பா இறந்ததிலிருந்து வெள்ளைப் புடவை உடுத்தி, வாழ்வின் பாதியை அடைத்துவிட்ட ஒரு பெண் அவர். அந்த லட்சம் அவருக்குச் சந்தோஷம் தந்ததா என்பதை விட, சந்தோஷம் என்ற சொல்லையே அவர் எந்த அர்த்தத்தில் வைத்திருந்தார் என்பதுதான் கேட்கத் தகுந்தது. படமோ தோல்வி. குரல் இன்றும் இருக்கிறது.

எம். கே. தியாகராஜ பாகவதரின் கதையைச் சொல்லாமல் இந்தப் பொருளில் எந்தக் கட்டுரையும் முடிவதில்லை. 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' பிராட்வே டாக்கீஸில் வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதே ஆண்டின் கடைசியில், மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947இல் விடுதலை. மறு வருஷம் 'ராஜமுக்தி' விழுந்தது. 1959 நவம்பரில் அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் இறந்தார். தங்கத் தட்டில் சாப்பிட்டவர் கடைசியில் என்ன ஆனார் பார்த்தாயா என்று முடிப்பார்கள். இதுவும் ஊசியின் வாதம்தான். நிலைக்கவில்லை, ஆகவே சந்தோஷம் இல்லை. அந்த மனிதர் உச்ச ஸ்தாயியில் ஒரு பிருகாவை நினைத்த இடத்தில் நிறுத்தியபோது அவருக்குள் என்ன இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. ஒருவருடைய வீழ்ச்சியை எடுத்து அவருடைய கலையின் மீது தீர்ப்பாக எழுதுவது விமர்சனம் அல்ல, வம்பு. லட்சுமிகாந்தன் விற்ற சரக்கின் நாகரிகமான பதிப்பு.

கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனையும் யோசிக்க வேண்டும். யுத்த காலம், எதற்கும் தட்டுப்பாடு. துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு கொட்டகையில் சில அணாக்கள் கொடுத்து, அந்தக் குரலுக்குள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அந்தச் சில அணாக்கள் அவனுக்குச் சந்தோஷம் தந்தன. இதை மறுக்கும் தத்துவம் எனக்கு வேண்டாம்.

5

ஒற்றி என்ற சொல்லுக்கு அடமானம் என்று ஓர் அர்த்தம் உண்டு. இருக்கிற ஊரையே ஒற்றி வைத்துவிட்ட கடவுள் என்று சைவக் கவிகள் கிண்டல் செய்திருக்கிறார்கள். வள்ளலாருக்கும் இந்தச் சிலேடை பிடிக்கும். கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் சிலேடை நிஜமாகிவிட்டது.

சென்னைத் துறைமுகத்தின் வேலை 1875இல் தொடங்கியது. 1881 புயலில் தடுப்புச் சுவர்கள் இடிந்து, மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே தங்கிவிட்டது. அப்படித் தங்கிய மணல்தான் மெரினாவின் இன்றைய அகலம். வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து வடக்கே கடல் கரையைத் தின்றது. தெருக்களையும் வீடுகளையும் கொண்டு போயிற்று. கடைசியில் பாறாங்கற்களைக் கொட்டி நிறுத்திப் பார்த்தார்கள். இன்று இந்தக் கரையின் பல இடங்களில் கால் வைக்க மணல் கிடையாது, கல்தான்.

தெற்கே சேர்ந்த மணலில் நாம் புகழைப் புதைத்திருக்கிறோம். 1969இல் அண்ணா, 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா, 2018இல் கருணாநிதி. அந்த மனிதர்களைப் பற்றிய அபிப்பிராயம் எதுவாக இருந்தாலும் சரி, புகழின் சமாதிகள் நிற்கும் மணல் வடக்கே சேர வேண்டியிருந்த மணல். புகழை வேண்டாம் என்றவரின் சமாதியோ மணல் போன பக்கம். இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. கடல் செய்த கணக்கு.

பணத்தின் சங்கதியும் இப்படித்தான். எம்.ஆர்.எப். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யும் தொழிலாக ஆரம்பமாயிற்று. பலூன், மாயை என்று யாருக்கும் பிரசங்கம் செய்யத் தோன்றும். பலூன் வெடிக்கவில்லை, டயர் ஆயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பெரிந்தது. என்பீல்டு, அசோக் லேலண்ட், விம்கோ தீப்பெட்டி என்று இந்தக் கரைக்கு வந்தவை கூலியைக் கொண்டு வந்தன. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் நகரத்துக்கு வெளிச்சத்தையும் எண்ணூருக்குச் சாம்பலையும் கொடுத்துவிட்டு 2017இல் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. அதே மாதக் கடைசியில் ஓர் இரவு அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். லாபம் எங்கேயோ தங்குகிறது, கரை இங்கே அரிக்கிறது.

இந்த இடத்தில் நின்று ஒருவரைப் பார்த்து, பணம் சந்தோஷம் தராது ஐயா என்று சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்கிறவனுக்கு வாய் கூசாவிட்டால் அவன் பெரிய ஞானி, அல்லது பெரிய அயோக்கியன். இங்கே பணம் என்பது ஓவர்டைம், போனஸ், சீட்டு, அடகுக் கடைச் சீட்டு. காசிமேட்டில் விடிவதற்கு முன் ஏலத்தில் விழும் விலை. அது வாங்கித் தருவது பயமில்லாத ஒரு மாதக் கடைசி. பயமின்மை சந்தோஷம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது இல்லாதவன் சந்தோஷத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்கவே முடியாது. பணத்தால் வாங்கக் கூடியவற்றில் உயர்ந்தது இதுதான்: பணத்தைப் பற்றி நினைக்காமல் இருக்கும் சில மணி நேரம்.

நமது முற்போக்கு நண்பர்கள் இதைப் படித்துச் சந்தோஷப்பட வேண்டாம். அவர்கள் கதைகளில் வடசென்னைத் தொழிலாளிக்கு வயிறும் முஷ்டியும் மட்டும்தான் உண்டு. கூலி உயர்ந்ததும் கதை முடிந்துவிடுகிறது. கூலி உயர்ந்த பிறகு அவன் என்ன செய்கிறான்? காரம் பலகைக்குப் பவுடர் தூவுகிறான். குத்துச்சண்டை பார்க்கப் போகிறான். இங்கே புகழுக்கும் வேறு ஒரு வழக்கம் இருந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டை வீரன் தன் பரம்பரையின் பெயரில்தான் மேடை ஏறினான். ஜெயித்தால் பெயர் பரம்பரைக்கு, தோற்றால் அவமானமும் பரம்பரைக்கு. 2021இல் ஒரு சினிமா வந்த பிறகு நகரத்தின் மறுபக்கத்துக்கும் இது தெரிய வந்தது. புகழைத் தனி ஆளின் சொத்தாக நினைத்துக்கொண்டு, அது சந்தோஷம் தருமா என்று கேட்கும் நமக்கு, பகிர்ந்துகொண்ட புகழ் என்ன தந்திருக்கும் என்று ஊகிக்கக்கூடத் தெரியவில்லை.

6

திருவொற்றியூருக்கு இன்னொரு பக்தர் உண்டு. பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடும் கலிய நாயனார். எண்ணெய் வணிகர், கோயிலுக்கு விளக்கேற்றியே செல்வமெல்லாம் தொலைத்தார். பட்டினத்தார் ஒரே நாளில் விட்டதை இவர் விளக்கு விளக்காக விட்டார். செல்வம் போன பின் அடுத்தவர் செக்கில் கூலிக்கு உழைத்து அந்தக் கூலியில் விளக்கேற்றினார். இந்த ஆலைக் கரையின் முதல் கூலித் தொழிலாளி என்று அவரைச் சொல்லத் தோன்றுகிறது. பணத்தை அவர் பழிக்கவில்லை. எண்ணெயாக்கி வெளிச்சமாக்கினார். ஆனால் கூலியும் நின்றபோது மனைவியை விற்கப் புறப்பட்டார். வாங்க ஆளில்லை. பிறகுதான் எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தை வார்க்கக் கழுத்தை அரிந்தார். கடவுள் கையைப் பிடித்துக்கொண்டார். கழுத்துக்கு நீண்ட கை மனைவியைச் சந்தைக்கு அழைத்துப் போனபோது நீளவில்லை.

இந்த இரண்டு பக்தர்களையும் நான் சும்மா இழுக்கவில்லை. சிறு பத்திரிகை உலகத்தில் நாம் பணத்தையும் புகழையும் துறந்தவர்கள் என்று ஒரு பாவனை இருக்கிறது. முன்னூறு பிரதி என்பது நமக்கு விபூதி. பெரும் பத்திரிகையில் எழுதுகிறவனை விலை போனவன் என்கிறோம். விலை போனவன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நமது துறவு யார் கணக்கில் நடக்கிறது? அச்சகத்துக்குப் போன வளையல் யாருடையது? காகித பில் கட்டிய மாதம் வீட்டில் எதை வாங்கவில்லை? இலக்கிய வரலாறு பத்திரிகையின் பெயரை எழுதிக்கொள்ளும். வளையலின் பெயரை எழுதாது.

பிராட்வே முனையில் கந்தசாமிப் பிள்ளையை நிறுத்தி அவரிடம் கடவுளைக் கொண்டுவந்து சேர்த்தவன் புதுமைப்பித்தன். அந்தக் கதையில் பிள்ளை கடவுளையே வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராக்கப் பார்க்கிறார்; யாருடைய ஆயுள் என்று கடவுள் கேட்கிறார். சிறு பத்திரிகை நடத்துகிற எவனும் அந்த இடத்தில் சிரித்துவிட்டு மேலே படிக்க முடியாது. புதுமைப்பித்தன் பணத்துக்காகத்தான் சினிமாவுக்குப் போனான். சிறையிலிருந்து வந்த பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் பூனாவுக்குப் போய், க்ஷயத்தோடு திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் செத்தான். பணம் அவனைக் கொன்றது என்கிறார்கள். மனைவி கமலாவுக்கு அவன் எழுதிய கடிதங்களைப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பணம் இல்லாமை எப்படி ஒரு வீட்டுக்குள் நடமாடுகிறது என்பது அதில் இருக்கிறது. அவன் பணத்தை இகழவில்லை, அதன் பின்னால் போனதற்கு வெட்கப்படவும் இல்லை. அது கிடைத்தால் யாருக்கு என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. பட்டினத்தார் பாடாமல் விட்டவளுக்கு அவன் கடிதம் எழுதினான்.

சி. சு. செல்லப்பாவுக்கு 'சுதந்திர தாக'த்துக்காக சாகித்திய அகாதெமி பரிசு 2001இல் வந்தது. அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து. புத்தகக் கட்டைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியவர். உயிரோடு இருந்தபோது அந்தப் பரிசு வந்திருந்தால் அவருக்குச் சந்தோஷம் வந்திருக்குமோ என்னவோ. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையாவது வந்திருக்கும். புகழ் மாயை என்று சொல்லும்போது, இந்த உரிமையை ஒரு கலைஞனிடமிருந்து நாம் பறித்துக்கொள்கிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

7

பட்டினத்தார் கதையின் முடிவை யார் கட்டினார்கள் என்று தெரியாது. கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராக அலைந்தார். எங்கே அதன் நுனி இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது வாக்கு. திருவொற்றியூரில் இனித்தது. அங்கே கடற்கரையில் மீனவச் சிறுவர்களோடு விளையாட ஆரம்பித்தார். தன்னைக் கவிழ்த்து மூடச் சொல்வாராம், மூடினால் வேறோர் இடத்திலிருந்து எழுந்து வருவாராம். சிறுவர்கள் கை தட்டுவார்கள். கடைசி முறை மூடித் திறந்தபோது லிங்கம் இருந்தது.

பாடல்களில் எங்குமே இல்லாத சந்தோஷம் இந்த முடிவில் இருக்கிறது. நுனி நாக்கில் ஓர் இனிப்பு, மணல், பெயர் தெரியாத பிள்ளைகள், ஒரு விளையாட்டு. இத்தனை வெறுத்தவர் இப்படி முடிய வேண்டும் என்று கதை கட்டியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அவர் கவிதையின் மீது ஜனங்கள் எழுதிய விமர்சனமாக இதை நான் வாசிக்கிறேன். நமது பதவுரைகளைவிட நல்ல விமர்சனம். நாக்கின் இனிப்புக்குப் பணம் வேண்டாம், புகழ் வேண்டாம் என்று அது சொல்கிறது என்று யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. விளையாடப் பிள்ளைகள் வேண்டும், அவர்களுக்குப் பசி இருக்கக் கூடாது, கரையில் மணல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இலவசமாக வருவதில்லை.